பொறுப்பு: மூன்று

அந்த அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிட எட்டு வயது மூத்த கணக்குப் பிரிவுக்காரருக்கும் அக்கா, நேற்று வேலைக்குச் சேர்ந்து நாற்காலியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கத் தெரியாமல் தவிக்கிற பெண்ணுக்கும் அக்கா. சர்வர் படுத்துக்கொண்டாலும் அக்கா, தேநீர் இயந்திரம் மக்கர் பண்ணினாலும் அக்கா. மரியாதைக்குத்தான் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் அவள் நினைத்திருந்தாள். ஒருத்தியை அக்கா என்று கூப்பிட்டுவிட்டால் அவளிடம் எதை வேண்டுமானாலும் தள்ளிவிடலாம், நன்றி சொல்லவேண்டிய அவசியமும் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது.

கம்பெனி சின்ன மருத்துவமனைகளுக்கு வலைத்தளம் செய்து கொடுத்தது. நோயாளி வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக்கொள்ளலாம், பரிசோதனை முடிவைப் பார்த்துக்கொள்ளலாம். அதில் ஏதாவது ஓடவில்லை என்றால் மருத்துவமனை ஆட்கள் ஒரு புகார் அனுப்புவார்கள். அந்தப் புகாருக்கு அலுவலகத்தில் டிக்கெட் என்று பெயர். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. யார் பெயர் அதில் இருக்கிறதோ அவர் அதை முடித்துவைக்க வேண்டும், முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று பதில் சொல்ல வேண்டும். பொறுப்பாளர் என்றால் அவ்வளவுதான், வேறு பெருமை ஒன்றும் கிடையாது.

கம்பெனி தொடங்கியபோது ஒரு சலவைக் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தது. முதலாளி, முதலாளியின் மச்சான், அவள் என்று மூன்றே பேர். கீழேயிருந்து வரும் நீராவியில் சுவர் எப்போதும் ஈரமாக இருக்கும். அப்போது முதலாளியே கணினி முன்னால் உட்கார்ந்து கோட் எழுதுவார். ஒரு நாள் டிக்கெட்டுக்கான கிளாஸை எழுதிக்கொண்டிருந்தார். கிளாஸ் என்பது ஓர் அச்சு. புதிதாக எந்த டிக்கெட் வந்தாலும் அந்த அச்சிலிருந்துதான் வார்த்தெடுக்கப்படும். யார் அனுப்பியது, எப்போது வந்தது, என்ன பிரச்சினை, யார் பொறுப்பு என்று ஒவ்வொன்றுக்கும் அதில் ஓர் இடம் இருக்கும். அந்த இடங்களில் யாரும் எதுவும் சொல்லாவிட்டால் என்ன இருக்கவேண்டும் என்பதை அச்சிலேயே எழுதிவைத்துவிடலாம். புது வீட்டுச் சுவரில் முதலில் அடிக்கிற வெள்ளை மாதிரி, வேறு நிறம் அடிக்கும்வரை அதுதான் நிறம்.

"பொறுப்பாளர்னு ஒரு ப்ராப்பர்ட்டி வெச்சிருக்கேன்," என்றார் முதலாளி. "யாருன்னு யாரும் சொல்லலன்னா டீஃபால்ட்டா என்ன போட?"

கணினிக் கணக்கில் முதலாளிக்கு எண் ஒன்று, மச்சானுக்கு இரண்டு, அவளுக்கு மூன்று. மச்சான் அந்த நேரம் பார்த்து சன்னலைத் திறப்பதில் மும்முரமாகிவிட்டான்.

"இப்போதைக்கு மூணுன்னு போட்டு வைக்கிறேம்மா. அப்புறம் மாத்திக்கலாம்."

அவளும் தலையாட்டினாள். எது வந்தாலும் அன்று அவள்தான் செய்துகொண்டிருந்தாள், அதனால் அந்த எண்ணில் தவறாக எதுவும் தெரியவில்லை. ஆனால் கோட் எழுதுகிற உலகத்தில் 'இப்போதைக்கு' என்று எழுதப்பட்டதைப்போல ஆயுசு கெட்டியானது வேறு எதுவும் கிடையாது. யோசித்து, கூடிப் பேசி, படம் போட்டு எழுதியதெல்லாம் இரண்டே வருடத்தில் குப்பைக்குப் போகும். இப்போதைக்கு என்று எழுதியது பேரன் எடுக்கும்.

கம்பெனி வளர்ந்தது. சலவைக் கடை மாடியை விட்டுக் கண்ணாடிக் கதவு போட்ட கட்டடத்துக்கு வந்தது. பிரிவுகள் வந்தன, பிரிவுகளுக்குத் தலைவர்கள் வந்தார்கள். மச்சான் ஒரு பிரிவின் தலைவன் ஆனான். அவள் மட்டும் அதே பெயர்ப் பலகையோடு சன்னலோர மேசையில் இருந்தாள். மருத்துவமனைகளில் நர்ஸுகளுக்கு மூச்சுவிட நேரமில்லை. எந்தப் பிரிவுக்கு என்ற கட்டத்தைத் தொடாமலேயே புகாரை அனுப்பிவிடுவார்கள். தொடாத கட்டம் எல்லாம் மூன்று.

அதோடு போயிருந்தால்கூடத் தேவலை. தன் பெயருக்கு வந்த டிக்கெட்டைப் பிடிக்காதவன் பொறுப்பாளர் கட்டத்தை அழித்துவிட்டுச் சேமித்தால் போதும் என்று யாரோ ஒரு புத்திசாலி கண்டுபிடித்தான். கட்டம் காலியாக இருந்தால் அச்சில் உள்ளது வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒருவனுக்குத் தெரிந்தது பத்துப் பேருக்குத் தெரிந்தது. 'மூணாக்கிடு' என்று ஒரு வினைச்சொல்லே அலுவலகத்தில் பிறந்துவிட்டது. இழுத்தடிக்கும் வேலையா, மூணாக்கிடு. வாடிக்கையாளர் வாய்க்கு வந்தபடி திட்டுகிறவரா, மூணாக்கிடு. வெள்ளிக்கிழமை சாயங்காலமா, கேட்கவே வேண்டாம்.

ஒரு நாள் சாப்பாட்டு அறையில் இரண்டு மேசை தள்ளி, நாற்காலி உயரம் தெரியாத அந்தப் புதுப்பெண் பேசிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பரிசோதனை முடிவு டிக்கெட் எனக்கு சுத்தமா புரியல. மூணுல போட்டுட்டேன்."

"மூணுன்னா என்ன?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"தெரியல. ஏதோ தொட்டி மாதிரி. அதுல போட்டா எப்படியோ முடிஞ்சிடும்."

அக்கா சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மூடிய டப்பாவில் பாதிச் சாப்பாடு அப்படியே இருந்தது. எழுந்துபோய் அந்தப் பெண்ணிடம் 'மூணு நான்தாம்மா' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண்ணுக்கு முகத்தில் ஈயாடாது, இரண்டு நாள் கண்ணில் படாமல் ஒளிந்து திரிவாள். அந்தச் சங்கடம் எதற்கு என்று அக்கா கையைக் கழுவிக்கொண்டு தன் இடத்துக்கு வந்தாள். அவளுடைய கெட்ட பழக்கம் அது. தனக்கு வலிக்கும்போது மற்றவர்களுக்குச் சங்கடமாக இருக்குமே என்று பார்ப்பாள்.

அவள் தினமும் எல்லோருக்கும் முன்னால் வந்து, தன் வேலையைத் தொடுவதற்கு முன்பு மூன்றில் விழுந்ததையெல்லாம் பார்ப்பாள். யாருடையது என்று தெரிந்ததை அவரவருக்கு அனுப்புவாள். அனுப்பியதில் பாதி மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிடும். மீதியை முடிந்தமட்டும் அவளே முடிப்பாள். அந்த வேளையில் அவளைத் தவிர அலுவலகத்தில் இருப்பவர் டெஸ்டர் ஒருவர்தான். ஐம்பதை நெருங்கியவர், கூட்டங்களில் வாயே திறக்காதவர், மற்றவர்கள் எழுதியது ஓடுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது அவர் வேலை. மனைவிக்குக் கண் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. சில நாள் அக்கா வந்து பார்க்கும்போது மூன்றில் இருந்து நாலைந்து டிக்கெட்டுகள் குறைந்திருக்கும். அவர்தான் எடுத்து முடித்திருப்பார். அதைப்பற்றி ஒரு வார்த்தை அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

அவளும் சும்மா இருந்துவிடவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் பொறுத்தது போதும் என்று அந்த வரியைத் திறந்து மூன்றை எடுத்துவிட்டாள். யாரும் சொல்லாவிட்டால் யாரும் இல்லை, வெறுமை என்று வைத்தாள். இனி பொறுப்பாளர் இல்லாத டிக்கெட்டுகள் தனியாக நிற்கும், பிரிவுத் தலைவர்கள் தினமும் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பினாள். நல்ல யோசனை என்று நாலு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். மச்சான்கூடக் காட்டினான். அந்த வாரம் காலையில் வந்து தன் வேலையை மட்டும் செய்வது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. சன்னலுக்கு வெளியே ஒரு மரம் இருப்பதைக்கூட அப்போதுதான் கவனித்தாள்.

அந்த வாரக் கடைசியில் சிறுநீரக சிகிச்சை செய்யும் ஒரு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நேரம் குறிக்கும் பக்கம் ஒரே நேரத்தை இரண்டு பேருக்குக் கொடுத்துக்கொண்டிருந்ததாம். திங்கட்கிழமையே புகார் அனுப்பிவிட்டார்களாம். நாலு நாளாக யாரும் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

"ரெண்டு பஸ் மாறி வர்ற பெரியவர்ங்க," என்றார் நர்ஸ். "டயாலிசிஸ் மெஷின் காலி இல்லன்னு திருப்பி அனுப்பினோம். மறுபடியும் வந்தாரு, மறுபடியும் இல்ல. வராந்தா பெஞ்சுலயே மயங்கிப் படுத்துட்டாரு. நீங்கல்லாம் அங்க என்னதான் பண்றீங்க?"

பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் நாலு நாள் அந்த டிக்கெட் எல்லோர் கண்ணுக்கும் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் பார்த்துவிட்டு, இதை வேறு யாராவது எடுப்பார்கள் என்று அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தார்கள். முதலாளி எல்லோரையும் நிற்கவைத்துக் கத்தினார். கத்தி முடித்துவிட்டு அவள் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "நீ பாத்துக்கம்மா," என்றார்.

மூன்றைத் திரும்பப் போடு என்று அவர் வாயால் வரவில்லை. அவள்தான் அன்று மத்தியானமே வரியைத் திறந்து, வெறுமையை எடுத்துவிட்டு மறுபடியும் மூன்று என்று அடித்தாள். மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று கேட்கும் இடத்தில் 'பழையபடி எனக்கே' என்று எழுதிச் சேமித்தாள். கட்டத்தைக் கட்டாயமாக்கலாம், யாராவது ஒருவரைத் தேர்ந்தெடுக்காமல் புகாரே அனுப்பமுடியாதபடி செய்யலாம் என்றும் கேட்டுப் பார்த்தாள். நர்ஸுகளுக்கு இன்னொரு தொல்லை வேண்டாம், வாடிக்கையாளர் ஓடிவிடுவார்கள் என்று மச்சான் ஒரே போடாகப் போட்டுவிட்டான்.

போன வருடக் கடைசியில் கம்பெனியைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கியது. முதலாளி 'ஆலோசகர்' ஆனார். அதாவது அறை இருக்கும், அதிகாரம் இருக்காது. புது மேலாளர் ஒருவர் வந்தார். முப்பதைத் தாண்டாதவர், தணிந்த குரல், எல்லோரையும் நீங்க என்பார். அவளை அக்கா என்று கூப்பிடாத ஒரே ஆள் அவர்தான், மேடம் என்றார். அவளுக்கு அது கொஞ்சம் பிடித்துக்கூட இருந்தது. யார் எத்தனை டிக்கெட்டைக் கையில் வைத்திருக்கிறார்கள், எத்தனை நாள் கிடப்பில் போட்டிருக்கிறார்கள் என்று ஒரே பார்வையில் தெரிகிற மாதிரி ஒரு பக்கம் வேண்டும் என்று கேட்டார். அதை அவள்தான் எழுதிக் கொடுத்தாள். வேறு யார் எழுதுவார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ஒரு பட்டை. எல்லோருடையதும் பச்சையாக, சுண்டுவிரல் நீளத்துக்கு இருந்தது. அவளுடையது மட்டும் சிவப்பாகத் திரையின் ஓரம்வரை ஓடியது. ஆட்குறைப்பு இருக்கும் என்ற பேச்சு அதற்கு முன்னாலேயே அடிபட்டுக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வரச்சொல்லி அவளுக்கு ஒரு மெயில் வந்தது.

முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் அவள் அதைச் சொன்னாள். கணவன் பேருந்து ஓட்டுபவன். பகல் முறை முடித்து வந்து, சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தான். மகள் உள்ளறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

"வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு," என்றாள். "இந்த வயசுக்கு மேல எங்க போயி நிக்கிறது? எனக்குத் தெரிஞ்சது அந்தப் பழைய கோட் ஒண்ணுதான். அது அங்க மட்டும்தான் ஓடுது."

"நடந்ததச் சொல்லு. மூணுன்னு போட்டது அந்தாளுதானே. அவரையே வெச்சுக்கிட்டு சொல்லு."

"சொல்லத்தான் போறேன்."

"சொல்லுவியா?" அவன் கத்தியைக் கீழே வைத்தான். "நான் ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. உனக்கு அது பிடிச்சிருக்கு. நான் இல்லன்னா அங்க ஒண்ணும் ஓடாதுன்னு உள்ளுக்குள்ள ஒரு நெனப்பு. அந்த நெனப்புக்குத்தான் நீ இத்தனை வருஷமா காலங்காத்தால ஓடுற."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததற்குக் காரணம், அதில் பாதி உண்மை. மீதிப் பாதி என்ன என்று அவனுக்கு விளக்கச் சொல் கிடைக்கவில்லை. மயங்கிப் படுத்த அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். ஏற்கெனவே பலமுறை சொன்ன கதை. அடுப்பைப் பற்றவைத்தாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் மேலாளர், மச்சான், ஆலோசகராகிவிட்ட முதலாளி மூவரும் இருந்தார்கள். சுவரில் பெரிய திரையில் அவளுடைய சிவப்புப் பட்டை.

அவள் நிதானமாக, தடுமாறாமல் சொன்னாள். டீஃபால்ட் என்றால் என்ன, யாரும் தேர்ந்தெடுக்காதது எப்படித் தன் பெயரில் விழுகிறது, தள்ளிவிட நினைத்ததை எப்படி அழித்துவிட்டுச் சேமிக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். மேலாளர் குறுக்கே பேசவில்லை. உண்மையைச் சொல்லப்போனால் அந்த அறையில் காது கொடுத்துக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"அப்படின்னா இது உங்க தப்பே இல்லையே மேடம்," என்றார். "அந்த வரியக் கொஞ்சம் பாக்கலாமா?"

அவருக்கும் கோட் தெரியும். தானே தேடி எடுத்துத் திரையில் போட்டார். பொறுப்பாளர், அதற்கு நேரே மூன்று. அந்த வரியைக் கடைசியாக யார் தொட்டது என்று காட்டும் பொத்தானை அழுத்தினார். பக்கத்தில் அவளுடைய பெயர் வந்தது. தேதி வந்தது. 'பழையபடி எனக்கே' என்று அவள் எழுதிய காரணமும் வந்தது.

மேலாளர் அதை இரண்டு முறை படித்தார்.

"இது நீங்க எழுதினதா?"

"நான்தான். ஆனா அதுக்கு முன்னாடியே மூணுதான் இருந்தது. நான் நடுவுல எடுத்துட்டுத் திரும்பப் போட்டேன், அவ்வளவுதான். மொதல்ல போட்டது நான் இல்ல."

அவர் பின்னோக்கிப் போய்ப் பார்த்தார். அவள் நடுவில் எடுத்தது தெரிந்தது, மூன்றை முதலில் எழுதியது யார் என்பதற்கு மட்டும் பின்னால் ஒன்றும் இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் கோட் முழுவதையும் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றியபோது, யார் எதை எப்போது எழுதினார்கள் என்ற வரலாற்றைச் சுமந்துவரச் சோம்பல்பட்டு மச்சான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக ஏற்றியிருந்தான். அதற்கு முந்தைய காலம் என்று ஒன்று அந்தத் திரையைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

"யார் மொதல்ல போட்டது?"

அவள் முதலாளியைப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துடைப்பு எவ்வளவு நேரம் நீளும் என்று அவளுக்குத் தெரியும், சலவைக் கடை மாடியிலிருந்து பார்த்துவருகிறாள். சொல்வதற்கு விருப்பமில்லாத எதுவும் வந்தால் அந்தக் கண்ணாடிக்கு அழுக்கு ஏறிவிடும்.

"சார் போட்டதுதான்," என்றாள். "நாம மூணு பேரா இருந்தப்ப. இப்போதைக்குன்னு சொன்னீங்க. இவரும் இருந்தாரு."

மச்சான் மேசைமேல் இருந்த தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகினான்.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "எனக்கு ஞாபகம் இல்லையேம்மா," என்றார். "ரொம்ப வருஷம் ஆச்சு. அந்தக் காலத்துல எல்லாத்தையும் நீதானே எழுதின."

அவர் பொய் சொல்கிறார் என்றுகூட அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. உண்மையிலேயே மறந்திருக்கலாம். மறப்பது அவருக்குச் சுலபம், ஒரு நாள்கூட அது அவர் தலையில் விழுந்ததில்லையே. எழுந்து நின்று கத்தியிருந்தால் மேலாளர் அவள் பக்கம் சாய்ந்திருப்பாரோ என்னவோ. ஆனால் இத்தனை வருடம் சத்தம் போடாமல் இருந்தே பழகிப்போன தொண்டை, வேண்டிய நேரத்தில் கைகொடுக்கவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா," என்றார் மேலாளர். குரலில் ஏளனம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "உங்களால மாத்த முடிஞ்சது. ஒரு தடவை மாத்தவும் செஞ்சீங்க. அப்புறம் நீங்களே உங்க பேரைத் திரும்பப் போட்டுக்கிட்டீங்க. செய்ய முடியாத அளவுக்கு வேலைய நீங்களே உங்க பேர்ல எழுதிக்கிட்டு, அது முடியாம கிடக்குன்னா, நான் மேல இருக்கிறவங்களுக்கு என்னன்னு எழுதறது?"

பெரியவர், இரண்டு பஸ், வராந்தா பெஞ்சு என்று அவள் ஆரம்பித்தாள். தனக்கே அது சப்பைக்கட்டு கட்டுகிற மாதிரி கேட்டது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஆட்குறைப்புப் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. மாதக் கடைசிவரை வந்துபோகலாம் என்றார்கள். செய்தி கேட்டு எல்லோரும் வந்து துக்கம் விசாரித்தார்கள். அக்கா நீங்க இல்லாம இங்க எப்படி என்றார்கள். சொல்லிவிட்டுப் போய், அன்று மத்தியானமும் நாலைந்தை மூணாக்கினார்கள்.

கடைசி நாள் காலையில் மேலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். பிரிவுத் தலைவர்கள் எல்லோரும் இருந்தார்கள், முதலாளி வரவில்லை. அவளுடைய கணக்கைச் சாயங்காலம் மூடப்போகிறார்கள், மூடினால் மூன்று என்று ஓர் ஆளே இருக்கமாட்டார், அதற்குள் அந்த வரியை மாற்றவேண்டும்.

"காலியா விட்டா என்ன ஆகும் மேடம்?" என்றார்.

அவள் மருத்துவமனைக் கதையை இந்த முறை முழுதாகச் சொன்னாள். சிலருக்கு அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்போ ஒருத்தர் பேரு வேணும்," என்றார் மேலாளர். "யாரு?"

ஒருத்தி கைப்பேசியைத் திருப்பி வைத்தாள். ஒருவன் தரையில் எதையோ தேடினான். மச்சான் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான், பிறகு மேசையில் இல்லாத ஆளை நினைத்துக்கொண்டான்.

"டெஸ்டர் பேரைப் போட்டுடலாமே. சீக்கிரமே வந்துடறாரு. ஒண்ணும் சொல்லவும் மாட்டாரு."

"அவர் எங்க?"

"வீட்டம்மாவக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. மத்தியானம் வந்துடுவாரு. நான் பேசிக்கிறேன்."

எல்லோர் முகத்திலும் ரத்தம் திரும்பி வந்தது. சரிதான், நல்ல யோசனை, இப்போதைக்கு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மேலாளர் விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே போட்டுடுங்க மேடம். உங்களுக்குத்தான் அந்த இடம் பழக்கம்."

அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அவரைக் கேட்காமல் போடமாட்டேன் என்று ஒரே ஒரு வாக்கியம். வேலையும் போய்விட்டது, இனி யாருக்குப் பயப்படவேண்டும். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் என்ன நடக்கும் என்றும் அவளுக்குத் தெரிந்தது. மறுபடி அதே அமைதி, மறுபடி அதே தரையைப் பார்க்கும் கண்கள், யாராவது அதை உடைக்கவேண்டும் என்று அத்தனை பேரும் அவளைப் பார்ப்பார்கள். அந்த அமைதியைத் தாங்கத்தான் அவளுக்கு எந்த நாளும் தெரிந்ததில்லை. தன் பெயரைப் போட்டு அதை உடைத்தே பழகியவள். இன்று போடுவதற்குத் தன் பெயர் இல்லை. டெஸ்டருடைய எண் நாற்பத்தொன்று. அடித்தாள். காரணம் கேட்ட இடத்தில் 'சொன்னபடி' என்று எழுதினாள். யார் சொன்னது என்று எழுத அதில் இடம் இருந்தது, எழுதவில்லை. வரியின் பக்கத்தில் புதுத் தேதியோடு அவளுடைய பெயரே வந்து நின்றது.

மத்தியானம் தன் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது டெஸ்டர் மேலே ஏறி வந்துகொண்டிருந்தார். வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. அவளைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றார்.

"கிளம்பிட்டீங்களாக்கா? நல்ல வேளை, பாத்துட்டேன்."

"வீட்ல எப்படி இருக்காங்க?"

"வலது கண்ணு பரவால்ல. இடதுக்கு இன்னும் ரெண்டு மாசம் ஓடணும்." அவர் தயங்கினார். அவ்வளவு பேசுவதே அவருக்கு அதிகம். "அக்கா, இந்த வாரம் பூரா காலைல கொஞ்சம் முன்னாடியே வந்துட்டேன். மூணுல இருந்ததெல்லாம் முடிச்சாச்சு. ஒண்ணுகூட பாக்கி இல்ல. நீங்க போறப்ப உங்க பேர்ல எதுவும் கிடக்கக்கூடாதுன்னு பட்டுச்சு."

அன்று காலையில் தன் பட்டையை அவள் பார்க்கவே இல்லை, பார்த்து என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். இவருக்கு இப்போதே சொல்லிவிடலாம். மேலே போங்க, நான் இப்படி ஒன்று செய்துவிட்டு வந்திருக்கிறேன், ஒத்துக்கொள்ளாதீர்கள், வாய் விட்டுக் கத்துங்கள் என்று சொல்லலாம். கத்தமாட்டார். பரவால்லக்கா என்பார். அந்தப் பரவால்லக்காவைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளால் முடியாது. மச்சான் பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறானே என்று நினைத்தாள். அவன் பேசமாட்டான் என்பது அவளைவிட நன்றாக வேறு யாருக்கும் தெரியாது.

"ரொம்ப நன்றி," என்றாள். அந்தக் கட்டடத்தில் அந்த வார்த்தையை அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அதனால் சொல்லும்போது நாக்கு எளிதில் புரளவில்லை.

"இதுல என்னக்கா," என்றார் அவர். "எப்படியும் யாராவது பாக்கணும்ல."

அவர் மேலே ஏறினார். கண்ணாடிக் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. திரும்ப ஏறிப் போய்ச் சொல்ல அவளுக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் வேகமாகப் படியிறங்கித் தெருவுக்கு வந்து, பேருந்து வருகிறதா என்று பார்த்தாள்.